தரைக்கு அடியில் ஓடும் மழை



தென்மேற்குப் பருவமழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், மலைப்பக்கத்து வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வரத் தொடங்கிவிடும். கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, ஜன்னல் வழியாகச் சாரலும் அடிக்கவில்லை. ஆனாலும் தரை நனைந்து கிடக்கிறது. காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி ஈரம். எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்?

இந்த முறை கேரளத்துத் தேவிகுளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்த பிறகு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதியவர் ஒரு பெண். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் தெரியும். கிராஜுவிட்டி, பி.எஃப். பணம், மகளின் நகைக்கடன் எல்லாவற்றையும் சேர்த்து, சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கி, இரண்டு அறையும் சமையல்கட்டுமாக வீடு கட்டியிருக்கிறார்கள். ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ். அது அம்மாவின் ஆசை. இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் இடுக்குகளில் நீர் கோத்து நின்றது. சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்துப் பொரிந்து விழுந்தது. தரையில் பாய் விரித்தே படுத்துப் பழகிய அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். கடைக்காரர் சொன்ன ஒரு மருந்தை வாங்கித் தரையில் இரண்டு கோட்டிங் அடித்தார்கள். ஒரு மழைக்குத் தாங்கியது, மறு மழைக்கு உரிந்து வந்துவிட்டது. "இதைவிட நல்ல கம்பெனி மருந்து எது என்று சொல்லுங்கள் சார்" என்று முடித்திருந்தார்.

அவருக்கு எழுதிய பதிலின் முதல் வரியை உங்களுக்கும் சொல்கிறேன். எந்த மருந்தையும் இப்போது வாங்காதீர்கள். தரையில் தெரிகிற ஈரத்துக்கான வேலை பெரும்பாலும் தரையில் இல்லை. வீட்டின் பின்பக்கத்தில், மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகத் தேவிகுளம் போகிறவர்களுக்கு ஜூலை மாதத்தில் இது நன்றாகப் புரியும். கீழே தேனிச் சமவெளி மழை மறைவில் கிடக்கும். காற்று மட்டும் புழுதியைக் கிளப்பும். சில மணி நேரத்தில் மேலே, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் விடாத மழையும். வெயில் முகம் காட்டாமலே ஒரு வாரம் போய்விடும். ஆனால் வீடு கட்டுகிற முறை மட்டும் கீழிருந்து அப்படியே மேலே ஏறி வந்திருக்கிறது. பேஸ்மட்டத்தை இரண்டடி உயர்த்து, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பு, தண்ணீர் விட்டுத் திமிசு போடு, மேலே நாலு இஞ்சுக்கு சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு நாலுக்கு எட்டுக் கலவை, அதன் மேல் டைல்ஸ். சமவெளியில் இது போதும். அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது. மழைநீர் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது.

மலைச்சரிவில் மழை வேறு வழியில் நடக்கிறது. மேலே விழுகிற மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, கீழே இறுகிய களியோ பாறையோ தடுக்கும் இடத்தில் திரும்பி, சரிவோடு சரிவாக மண்ணுக்குள்ளேயே கீழ்நோக்கி ஓடும். கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சரிவை நாம் வெட்டி, மட்டம் செய்து, வெட்டிய திட்டுக்கு முதுகைக் கொடுத்தபடி வீட்டை வைக்கிறோம். மண்ணுக்குள் ஓடிய தண்ணீருக்கு அந்த வெட்டில்தான் வழி திறக்கிறது. பின்சுவரின் கீழே நுழைந்து, நாம் நிரப்பிய தளர்ந்த மண்ணில் தேங்கி, தரையை அடியிலிருந்து நனைக்கிறது. மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்தும் ஈரம் குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மேலே பெய்தது மெதுவாக நடந்து வந்துகொண்டே இருக்கிறது. கனமழை ஆண்டுகளில் சில வீடுகளில் ஹாலின் நடுவிலேயே ஊற்றுக் கிளம்பிவிடுவதும் உண்டு.

இந்த உண்மை தேவிகுளத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. தேயிலைச் செடி தண்ணீர் தேங்கினால் தாங்காது, வேர் அழுகிவிடும். அதனால் தோட்டம் போட்ட நாளிலிருந்தே சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டித் தண்ணீரை வாங்கி ஓரமாகக் கொண்டுபோய் ஓடையில் விட்டிருக்கிறார்கள். கான் வெட்டும் வேலை, கானில் மண் அள்ளும் வேலை என்று அதற்கென்றே ஆட்கள் உண்டு. கண்ணன் தேவன் கம்பெனி 1897-இல் தொடங்கியபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் மலையேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் தலைமுறை தலைமுறையாக அந்தக் கானை வெட்டியவர்கள். மலைக்குள் தண்ணீர் எப்படி நடக்கும் என்பதை அவர்களை விட யாருக்குத் தெரியும்? தேயிலைக்குச் செய்த அந்த வேலையைத் தங்கள் சொந்த வீட்டுக்குச் செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சிறிய நிலம், அவசரமான கட்டுமானம், கீழேயிருந்து வந்த கொத்தனார், கடையில் விற்கும் டப்பா மருந்து. இந்த நான்குக்கும் நடுவில் அந்த அறிவு காணாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

கான்கிரீட்டைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் வராது என்று நினைக்கிறோம். 50 கிலோ மூட்டை சிமென்ட் இறுகுவதற்கு ரசாயன ரீதியாக வேண்டிய தண்ணீர் 12 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கலவை ஓடவேண்டும் என்பதற்காக நல்ல கொத்தனாரே 25 லிட்டர் வரை ஊற்றுவார். அவசரக்காரர் இன்னும் தாராளமாக ஊற்றுவார். மிஞ்சிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகளாக நிற்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி அந்தத் துளைகள் வழியாக ஈரம் மேலே ஏறும். வீட்டுத் தரைக்கு அடியில் நாம் போடுகிற ஒன்றுக்கு நாலுக்கு எட்டுக் கலவையில் சிமென்ட்டே குறைவு. அதற்குள் துளை மட்டுமல்ல, பொந்துகளே இருக்கும். ஏறி வரும் தண்ணீர் மண்ணிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து நீர் மட்டும் ஆவியானதும் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. சுவரைப் பொரிய வைப்பது இந்த உப்புதான். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டி, வாரி வெளியே கொட்ட வேண்டும்.

பழைய சிமென்ட் தரையிலும் காவித் தரையிலும் இதே ஈரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தரை முழுவதும் சிறிது சிறிதாக ஆவியாகிப் போனதால் நம் கண்ணில் படவில்லை. இன்றைய விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை விடாது. அடியில் ஏறிய ஈரத்துக்கு மிஞ்சியிருப்பது டைல்ஸ் இடுக்கும் சுவரோரமும் மட்டும். ஆகையால் ஹாலில் டைல்ஸ் போட்ட பிறகுதான் சுவர் கெட்டது என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது சரி. டைல்ஸ் தண்ணீரைக் கொண்டுவரவில்லை, வழியை மாற்றிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டு டேப்பும்தான். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கெட்டியான, தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்து, தரையை நன்றாகத் துடைத்து உலர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விடுங்கள். கட்டடத் துறையில் உலகமெங்கும் செய்கிற எளிய சோதனை இது. தாளின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது அடியில் தரை கறுத்திருந்தால், ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் நனைந்து அடிப்பக்கம் உலர்ந்திருந்தால், அது காற்றிலிருந்து படிந்த ஈரம். பின்சுவரோரம், ஹால் நடு, முன்வாசல் பக்கம் என்று பல இடங்களில் ஒட்டிப் பாருங்கள். டைல்ஸ் போட்ட தரையில் இடுக்குகளையும் சேர்த்து மூடுமாறு ஒட்டுங்கள், ஈரம் வருவது அங்கேதான். பின்சுவரோரம் அதிகமாகவும் முன்வாசல் பக்கம் குறைவாகவும் இருந்தால் மேட்டுத் தண்ணீர் என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம்.

குளியலறையை ஒட்டிய இடம் மட்டும், வெயில் காலத்திலும் நனைந்திருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியில் நீர் மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள்.

காற்றிலிருந்து படியும் ஈரத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். தேவிகுளம் மாதிரி இடத்தில் தரை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் மேல் பட்டதும் நீராகிவிடுகிறது. அந்த ஈரக்காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். சமையல் கேஸ் எரியும்போது அதுவே தண்ணீரை உண்டாக்குகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக உங்கள் சமையல்கட்டுக்குள் கலந்திருக்கும். உலை கொதிக்கிற ஆவி இதற்கு மேல். மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துகிறோம், அந்தத் தண்ணீரும் காற்றில்தான் சேருகிறது. லயத்து வீடுகளில் விறகடுப்பு எரிந்த காலத்தில் புகை கண்ணைக் கரித்தாலும், அந்தச் சூடும் புகைபோக்கி இழுக்கும் காற்றும் சுவரை உலர்த்தி வைத்தன. விறகடுப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தப் புகையைத் தின்ற பெண்களின் நுரையீரலுக்கு யார் பதில் சொல்வது? கேஸ் அடுப்புக்கு மேலே ஆவி வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். மூடுபனி வீட்டுக்குள் புகுகிற காலை நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, மதியம் வானம் வெளுக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். துணியை ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறையின் ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். மெத்தையோ பாயோ தரையில் நேரே வேண்டாம், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டில் அவசியம்.

இப்போது மேட்டுத் தண்ணீருக்கு வருவோம். இதில்தான் நம் கையில் உள்ள பணம் போக வேண்டும்.

எதற்கும் முன்னால் கூரைத் தண்ணீரைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். மலையில் இது அபூர்வமான மழை அல்ல. பல வீடுகளில் கூரை பின்பக்கம் சாய்ந்து, அவ்வளவும் சுவருக்கும் திட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் கொட்டுகிறது. அங்கே சிமென்ட் தளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அது தரைக்கு அடியில் போகாமல் வேறு எங்கே போகும்? கூரையோரம் தண்ணீரை வாங்கும் பாத்தி வைத்து, குழாயில் இறக்கி, வீட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விடுங்கள். சில வீடுகளில் இந்த ஒரு வேலையோடு பாதி ஈரம் போய்விடும்.

அடுத்தது பின்பக்கக் கான். மேலே சிமென்ட் வாய்க்கால் கட்டினால் மட்டும் போதாது, அது மேலே ஓடுகிற தண்ணீரைத்தான் வாங்கும். நமக்கு வேண்டியது மண்ணுக்குள் வருகிற தண்ணீரை வாங்கும் ஆழக் கான். அதன் அடிமட்டம் தரைக் கான்கிரீட்டின் அடியை விட ஒரு அடியாவது கீழே இருக்க வேண்டும். அடியில் துளையிட்ட நாலு இஞ்சு பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டராவது வாட்டம் கொடுத்துப் போட வேண்டும். சுற்றிலும் மேலேயும் முக்கால் ஜல்லி. சேறு உள்ளே புகுந்து ஜல்லியை அடைக்காமலிருக்க, வெட்டிய பள்ளத்தில் முதலில் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதற்குள் இதையெல்லாம் போட்டு மடித்து மூட வேண்டும். கேரளத்தில் கிடைக்கும் தென்னைநார்க் கயிற்றுப் பாய் சரிவு மண்ணைப் பிடித்து வைக்க அருமையானது. ஆனால் மண்ணுக்குள் சில ஆண்டுகளில் மக்கிப்போகும், இந்த வேலைக்கு ஆகாது. குழாய் வீட்டின் பக்கவாட்டில் சுற்றி வந்து இயற்கையான ஓடையில் சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பின்சுவரில் கொண்டுபோய் விடுவது அவருடைய தரையை நனைப்பது. மலைக் கிராமங்களில் பல சண்டைகளுக்குக் காரணமும் அதுதான். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே கானாக வெட்டிக்கொண்டால் செலவும் குறையும், மனத்தாங்கலும் வராது.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயரமான வெட்டுத் திட்டின் அடியை மழைக்காலத்தில் தோண்டாதீர்கள். அது திட்டைச் சரிய வைக்கும். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில், மண் காய்ந்திருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அன்றன்றைக்கே குழாய் போட்டு மூடிக்கொண்டு போக வேண்டும். திட்டு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாது. அஸ்திவாரத்தின் அடியை விடக் கீழே போகிற கானும் அப்படியே.

தேவிகுளம் தாலுகாவில் வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி வந்தபோது லயத்து வீடுகளோடு 70 பேர் போனார்கள். தரை ஈரமும் நிலச்சரிவும் வேறு வேறு. எல்லா ஈரத் தரையும் ஆபத்தின் அறிகுறி அல்ல; வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது மலைக்குள் நடக்கிற அதே தண்ணீர். எப்போதும் தெளிவாகக் கசிகிற நீர் திடீரென்று சேறாக வந்தால், புதிய இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், ஓடிக்கொண்டிருந்த ஊற்றுச் சட்டென்று நின்றால், மேட்டில் நிலம் விரிசல் விட்டால், மரமோ மின்கம்பமோ சாய்ந்தால், தரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள். வீட்டை விட்டு எல்லோரும் வெளியேறிப் பஞ்சாயத்துக்கோ வில்லேஜ் ஆபீசுக்கோ சொல்லுங்கள். இடுக்கி மாவட்டத்தில் மண்ணுக்கடியில் நீர் அரித்துக் குகையாகத் துளைத்துக்கொண்டு போகும் இடங்களும் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையத்தார் அவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நிலம் திடீரென்று உள்வாங்கினால் அதையும் சாதாரணமாக விடக்கூடாது.

இனிமேல்தான் வீடு கட்டப் போகிறோம் என்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தரை போடுவதற்கு முன்னால் செய்தால் இவை எல்லாம் மிகச் சிறிய செலவு. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் 1960-களில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி எழுதிய சிறு நூலில், சரிவான நிலத்தில் வீட்டை மலையின் மட்டக் கோட்டோடு நீளவாக்கில் வைக்கச் சொல்கிறார். மட்டக் கோட்டுக்குக் குறுக்கே ஆழமாக வெட்டி நுழைக்கக்கூடாது. செலவுக்காகச் சொன்னது அது. வெட்டு குறைந்தால் வெட்டில் திறக்கிற தண்ணீரும் குறையும் என்பது கூடுதல் லாபம். பின்சுவருக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகிற இடமாவது விடுங்கள். நிலம் சிறியது, மூன்றடியும் காசுதான் என்பது எனக்குத் தெரியும். அறையைக் கொஞ்சம் சுருக்கினாலும் பரவாயில்லை, அந்த இடத்தைச் சுருக்காதீர்கள்.

பேஸ்மட்டத்துக்குள் வெட்டியெடுத்த களிமண்ணையே கொட்டி நிரப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. களிமண் தண்ணீரைப் பல அடி உயரத்துக்கு மேலே இழுக்கும் தன்மை உள்ளது. அதன் மேல் தூசி இல்லாத முக்கால் ஜல்லியோ ஒண்ணரை ஜல்லியோ நாலிலிருந்து ஆறு இஞ்சுக்கு விரித்தால் ஈரம் அந்த இடத்தோடு நின்றுவிடும். ஜல்லிக்கு நடுவிலுள்ள இடைவெளி பெரிது, அதில் தண்ணீரால் ஏற முடியாது. தூசியோடு கூடிய ஜல்லி இந்தப் பயனைத் தராது. ஜல்லியின் கூர்முனை குத்தாமலிருக்க மெல்லிய மணல் தூவி, அதன் மேல் 250 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் ஷீட்டை விரியுங்கள். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது அரை அடி ஏறியிருக்க வேண்டும், இணைப்பில் டேப் ஒட்ட வேண்டும், குழாய் துளைத்து வரும் இடங்களில் சுற்றி அடைக்க வேண்டும், ஓரங்களைச் சுவரோரம் மேலே மடித்துவிட வேண்டும். அதன் மேல்தான் கான்கிரீட். ஷீட்டின் மேல் இரும்புச் சட்டியைப் போட்டு இழுப்பதையும் மண்வெட்டியால் குத்துவதையும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியிருக்கும். "இதெல்லாம் எதுக்குக்கா, நாங்க எத்தனை வீடு கட்டியிருக்கோம்" என்று கொத்தனார் கேட்பார். மரியாதையாகச் சொல்லிப் போட வையுங்கள். ஒரு வீட்டுத் தரைக்கு வேண்டிய ஷீட்டின் விலை, பின்னால் உரித்துப் போடும் டைல்ஸில் ஒரு சிறு பங்குகூட வராது.

சுவருக்கும் இதே மாதிரி ஒரு தடுப்பு வேண்டும். பேஸ்மட்டத்தின் மேல் பெல்ட் கான்கிரீட் போட்டு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. தரையில் ஷீட்டும் சுவரில் இந்தத் தடுப்பும் சந்திக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஈரம் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் கானும் கூரைப் பாத்தியும் செய்தாயிற்று, பிறகு? ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அதற்குப் பிறகும் ஈரம் மிஞ்சினால், டைல்ஸை எடுத்துவிட்டு, தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈரத்தைத் தடுக்கும் இரண்டு பாக எப்பாக்ஸி பூசலாம். அல்லது பழைய தரையின் மேலேயே பாலித்தீன் ஷீட் விரித்து இரண்டு இஞ்சுக்குக் குறையாமல் கம்பி வலை வைத்துப் புதுக் கான்கிரீட் போடலாம். கதவுகளை அடியில் அறுக்க வேண்டி வரும். கலவையில் சேர்க்கும் நீர்த்தடுப்பு மருந்துகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு, ஐ.எஸ். 2645 என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். அவை கான்கிரீட்டின் துளைகளைக் குறைக்கும், அவ்வளவுதான். அடியிலிருந்து அழுத்தத்தோடு தள்ளுகிற தண்ணீரை மேலே பூசிய எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டில் கோட்டிங் உரிந்ததற்குக் காரணம் மருந்து மட்டமானது என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் அடியில் நிற்கும்போது மேலே பூசியதுதான் காரணம்.

மண் தரையே மேல், சிமென்ட்டால்தான் எல்லாம் கெட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெக்சிகோ நாட்டின் கோவாஹுய்லா மாநிலத்தில் 2000-இல் ஏழைகளின் மண் தரைகளை அரசே சிமென்ட் தரையாக மாற்றிக் கொடுத்தது. 2009-இல் வெளியான ஆய்வு, மண் தரை முழுவதும் சிமென்ட்டாக மாறிய வீடுகளில் குழந்தைகளின் குடல் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிட்டது. நல்ல தரை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற பெரிய ஆரோக்கியம். அதே 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறுகளும் கூடுதலாக வருகின்றன என்று சொல்கிறது. சிமென்ட் தரையும் வேண்டும், அது உலர்ந்தும் இருக்க வேண்டும். தோட்டத்தில் காலமெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து பறித்த ஒரு தாய், தன் சொந்த வீட்டில் உலர்ந்த தரையில் கால் வைக்க ஆசைப்படுவது மிக நியாயமான ஆசை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருக்கும்வரை வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. ஓய்வுக்குப் பிறகு வருகிற வீடு அவர்களே கட்டிக்கொள்வது. அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக்கூடாது.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். தரை நனைகிற வீட்டில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற கசிவுத் தடுப்பு சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். ஈரச் சுவரில் தாழ்வாக உள்ள பிளக்குகளை மழைக்காலத்தில் பயன்படுத்த வேண்டாம்.

இலங்கை மலையகத்திலும் லயன்களை விட்டு வெளியேறி, இந்திய உதவியோடு கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகளுக்குக் குடிபோகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டன், நுவரெலியாப் பக்கத்திலும் இதே மூடுபனி, இதே சரிவு. வால்பாறை, கோத்தகிரி, ஏற்காடு, மேகமலை வாசகர்களுக்கும் இது சொந்தப் பிரச்சினைதான். உங்கள் வீட்டில் பின்பக்கக் கான் வெட்டிப் பலன் கண்டிருந்தால், எந்த மாதத்தில் வெட்டினீர்கள், எவ்வளவு ஆழம், என்ன செலவு, அடுத்த மழைக்குத் தரை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பலன் தராமல் போயிருந்தாலும் எழுதுங்கள், அதுவும் அடுத்தவருக்கு உதவும். தோட்டத்தில் கான் வெட்டிய அனுபவம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மேட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து, கான் வெட்டும் காலமான ஜனவரிக்கு முன்பே உங்கள் கையில் கிடைக்கும்படி மார்கழி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்